பானையில் பத்துச் சீட்டுகள்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பேரன் தன் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுடன் என் அருகில் வந்து அமர்ந்தான். "தாத்தா, நான் போட்ட விடையும் புத்தகத்தின் பின்னால் உள்ள விடையும் ஒத்து வரவில்லை. எங்கே தவறு என்று பாருங்கள்" என்றான்.

கணக்கு எளியதுதான். 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகள் ஒரு பானையில் உள்ளன. பாராமல் ஒரு சீட்டை எடுத்து, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் பானையில் போட்டுக் குலுக்க வேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்தால், கிடைக்கும் மூன்று இலக்கங்களும் வெவ்வேறாக இருப்பதற்கு நிகழ்தகவு என்ன?

அவன் எழுதியிருந்த விடை, 220-இல் 120 என்பது. அதைக் கண்டதும் நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். இவ்விரண்டு எண்களையும் இதே வரிசையில் வேறொரு கையெழுத்தில் நான் கண்டிருக்கிறேன். அது என் தந்தையாரின் கையெழுத்து. கண்ட இடம் பம்பாய் தாராவியில் நாங்கள் குடியிருந்த பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஆண்டு 1974. அந்தப் பிழை எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதைப் பேரனிடம் பாதிதான் சொன்னேன். மீதியை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று இக்கட்டுரையை எழுதலானேன். ஊரை விட்டு வந்து, எண்ணிச் செலவு செய்து, எண்ணிச் சேர்த்து வாழ்ந்த இல்லங்கள் நம்முடையவை. ஆதலால் எண்ணுவதைப் பற்றிய இந்தக் கதை உங்களுக்கு அயலாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

என் தந்தையார் தாமிரவருணிக் கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1951-இல் பம்பாய்க்கு வந்து, பரேல் பகுதியில் ஒரு பஞ்சாலையில் தறி ஓட்டும் வேலையில் சேர்ந்தார். கணக்கில் அவருக்கு இருந்த தேர்ச்சியைச் சொல்லாமல் விட்டால் இக்கதை விளங்காது. மாகாணி, அரைக்கால், முந்திரி என்ற கீழ்வாய் இலக்கங்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாலில் இருந்தவர்கள் சம்பளச் சீட்டைச் சரிபார்க்கவும், சேட்டிடம் வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்கவும் அவரிடம்தான் வருவார்கள். தாளும் பென்சிலும் இன்றிச் சொல்லிவிடுவார். "கணக்குப்பிள்ளை" என்று அவரை அழைப்பார்கள். அந்தப் பெயரில் அவருக்குச் சிறிது பெருமையும் உண்டு.

அக்காலத்துப் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த தெருக்களில் மட்கா என்ற சூதை அறியாதவர் இருந்திருக்க முடியாது. முற்காலத்தில் நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தியில் வரும். அவற்றின் மேல் பந்தயம் கட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் அந்த வழி நின்று போகவே, இலக்கங்கள் எழுதிய சீட்டுகளைப் பானையில் இட்டு எடுக்கும் முறை வந்தது. மட்கா என்றால் பானை. பின்னர் பானை போய் விளையாட்டுச் சீட்டுக்கட்டு வந்தது; பெயர் மட்டும் நிலைத்தது. 1887-ஆம் ஆண்டிலேயே பம்பாய் மாகாணத்தில் சூதைத் தடுக்கச் சட்டம் இருந்தது. எனினும் தெரு முனையில் சீட்டு எழுதிக் கொடுப்பவர் இருந்துகொண்டுதான் இருந்தார்.

ஆட்டத்தின் ஒரு பகுதி இது. மூன்று இலக்கங்கள் எடுக்கப்படும். அவற்றை வந்த வரிசையில் எழுதுவதில்லை. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி எழுதுவார்கள். 8, 2, 5 என்று வந்தாலும், 5, 8, 2 என்று வந்தாலும் 258 என்றே அறிவிப்பார்கள். சரியான எண்ணைச் சொன்னவருக்குப் பணம். மூன்று இலக்கங்களும் வேறான எண்ணானால் ஒரு ரூபாய்க்கு 140 ரூபாய். இரண்டு இலக்கங்கள் ஒன்றான எண்ணானால் 280. மூன்றும் ஒன்றானால் 600. எங்கள் தெருவில் வழங்கிய விகிதம் இதுதான்.

என் தந்தையார் சூதாடும் இயல்பினர் அல்லர். திருக்குறளில் சூது என்ற அதிகாரத்தைப் பாராமல் ஒப்பிப்பார். பிறர் கனவில் வந்த எண்ணுக்கும் கோயில் வாசலில் கண்ட எண்ணுக்கும் பணம் கட்டுவதைக் கண்டு நகைப்பவர். அவரை இழுத்தது ஆசை என்பதைவிட அவருடைய கணக்கே என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு விடுமுறை நாளில் அவர் அமர்ந்து, இவ்வாறு அறிவிக்கக்கூடிய எண்கள் மொத்தம் எத்தனை என்று எழுதியே எண்ணினார். மூன்றும் வேறானவை 120. இரண்டு ஒன்றானவை 90. மூன்றும் ஒன்றானவை 10. ஆக 220. எட்டாம் வகுப்பு படித்தவர் சூத்திரம் ஏதும் இன்றி எண்ணிய எண்ணிக்கை அது. ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை.

எண்ணிக்கை சரி. அதற்கு மேல் அவர் கட்டியதுதான் பிழை. அவருடைய நோட்டில் இவ்வாறு எழுதியிருந்தார்: "மொத்தம் 220. மூன்றும் ஒன்றானது 10. ஆகவே 22 முறைக்கு ஒரு முறை வரும். பத்து எண்ணுக்கும் கால் ரூபாய் வீதம் போட்டால் 2.50. 22 முறைக்கு 55. வருவது கால் ரூபாய்க்கு 600 மடங்கு, 150. மிச்சம் 95." கீழே இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். தம் கணக்கில் ஐயம் இல்லாதபோது அவர் அப்படித்தான் இழுப்பார்.

"140-க்கு ஆடுபவன் மூடன். 600-க்கு ஆடுபவனே கணக்கறிந்தவன். இதை ஒருவரும் கவனிக்கவில்லை" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

முதல் மாதத்திலேயே 444 வந்தது. 150 ரூபாயைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். ஒரு சுங்குடிச் சேலையும் வாங்கி வந்தார். அந்த ஒரு வெற்றி இல்லாதிருந்தால் அவர் சில வாரங்களில் விட்டிருப்பார் என்பது என் எண்ணம். கணக்கு மெய்யாகிவிட்டது என்று நம்பினார். அதன் பின் மாதங்கள் கடந்தன. நாளுக்கு இரு முறை எடுப்பார்கள். இரு முறையும் 2.50 போயிற்று. வராத எண்களை அவர் நோட்டில் "பாக்கி" என்று தலைப்பிட்டு எழுதிவந்தார். 22 முறை கடந்து, 44 கடந்து, 66 கடந்தபோது, பாக்கி சேர்ந்திருக்கிறது, இனிச் சேர்ந்து வரும் என்று கால் ரூபாயை அரை ரூபாயாக்கினார். தபால் அலுவலகத்தில் என் தங்கையின் பெயரில் இருந்த சேமிப்பு முதலில் கரைந்தது. பின்னர் அம்மாவின் கைவளையல் இரண்டும் அடகுக்குப் போயின. அம்மா கண்ணாடி வளையல் அணிந்துகொண்டு, அது கைக்கு இலேசாக இருப்பதாகச் சொன்னார்.

நான் அப்போது மாதுங்காவில் ஒரு கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். நிகழ்தகவுப் பாடம் தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஆசிரியர் கரும்பலகையில் இதே கணக்கை எழுதினார். முதல் இலக்கம் எதுவாகவும் இருக்கலாம்: 10 வழி. இரண்டாவது அதனின் வேறாக வேண்டும்: 9 வழி. மூன்றாவது அவ்விரண்டினும் வேறாக வேண்டும்: 8 வழி. ஆக 10 × 9 × 8 = 720. மொத்த வழிகள் 10 × 10 × 10 = 1000. நிகழ்தகவு 0.72. "மூன்றும் ஒன்றாக இருக்க?" என்று ஆசிரியர் கேட்டார். "1000-இல் 10" என்று யாரோ சொன்னார்கள். நூற்றுக்கு ஒன்று. எனக்கு உடல் வியர்த்தது. அப்பாவின் நோட்டில் 22-க்கு ஒன்று என்று இருந்தது.

அன்று மாலை ஓடோடி வந்து அப்பாவிடம் சொன்னேன். சொன்ன விதம் நன்றாக இல்லை. கல்லூரியில் கற்ற மூன்று நாள் பாடத்தின் செருக்கு என் குரலில் இருந்தது. "உங்கள் கணக்கு முழுதும் தப்பு" என்றேன்.

"ஏலே, 220 எண்தானே உண்டு? விட்டுப் போன எண் ஒன்று இருந்தால் காட்டு பார்ப்போம்" என்றார்.

"220-தான். ஆனால் எல்லாம் சமமாக வராது."

"ஏன் வராது? 222 என்ன பாவம் செய்தது?"

என்னால் அதற்கு நேராக விடை சொல்ல இயலவில்லை. வரிசை மாற்றம், சேர்வு என்று பாடச் சொற்களைக் கொட்டினேன். அவர் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை.

மறுநாள் காலை அம்மா என்னைக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்க அழைத்துச் சென்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "நேற்று என்ன சண்டை?" என்று கேட்டார். என்னால் இயன்றவரை விளக்கினேன். கேட்டுவிட்டுக் குடங்களைக் காட்டினார். எங்களிடம் மூன்று குடங்கள் உண்டு: பித்தளை ஒன்று, செம்பு ஒன்று, மண் ஒன்று.

"இந்த மூன்றையும் வரிசையில் எத்தனை விதமாக மாற்றி வைக்கலாம்?"

"ஆறு விதமாக."

"மூன்றும் ஒரே மாதிரி மண்குடமாக இருந்தால்?"

"எப்படி மாற்றினாலும் ஒரே விதந்தான்."

"அப்படியானால் இதைத்தானே அவரிடம் சொல்ல வேண்டும்? புத்தகத்தை ஏன் சொன்னாய்?" என்றார். சிறிது நேரம் கழித்து, "சொன்னாலும் கேட்கமாட்டார். வீட்டிலேயே உப்புப் பானை இருக்கிறது. அவரையே எடுத்துப் பார்க்கச் சொல். நம் பானை காசு கேட்காது" என்றார்.

அவ்வாறே செய்தோம். பழைய கலியாண அழைப்பிதழ் ஒன்றை ஒரே அளவான பத்துத் துண்டுகளாக வெட்டி, 0 முதல் 9 வரை எழுதினேன். உப்புப் பானையைக் கழுவி உலர்த்தினோம். அப்பா முதலில் இசையவில்லை. "சீட்டை நீங்களே எடுங்கள். நான் தொடமாட்டேன். 300 முறை பார்ப்போம். உங்கள் கணக்குப்படி மூன்றும் ஒன்றானது ஏறக்குறைய 14 முறை வர வேண்டும். என் கணக்குப்படி 3 முறை" என்றேன். தம் கணக்கைச் சோதிக்க அஞ்சுபவர் என்று பெயரெடுக்க அவர் விரும்பவில்லை. அமர்ந்தார்.

மூன்று இரவுகள், இரவுக்கு நூறு. அப்பா எடுப்பார், தங்கை உரக்கப் படிப்பாள், நான் வந்த வரிசையிலேயே எழுதுவேன், அம்மா பானையைக் குலுக்குவார். முதல் இரவு மூன்றும் வேறானவை 70, இரண்டு ஒன்றானவை 28, மூன்றும் ஒன்றானவை 2. இரண்டாம் இரவு 76, 24. மூன்றும் ஒன்றானது ஒன்றுகூட வரவில்லை. "நாளைக்குச் சேர்ந்து வரும்" என்றார் அப்பா.

அம்மா பானையின் உள்ளே எட்டிப் பார்த்தார். "நேற்று என்ன வந்தது என்று இதற்கு எப்படித் தெரியும்?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை.

மூன்றாம் இரவு 73, 25, 2. கூட்டிப் பார்த்தோம். 300-இல் மூன்றும் வேறானவை 219. இரண்டு ஒன்றானவை 77. மூன்றும் ஒன்றானவை 4. அப்பா கணக்குப்படி வர வேண்டியவை முறையே ஏறக்குறைய 164, 123, 14. என் ஆசிரியரின் கணக்குப்படி 216, 81, 3.

அவர் நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். பிறகு என்னிடமிருந்து பென்சிலை வாங்கி, நான் எழுதியிருந்த பட்டியலில் 2, 5, 8 என்ற மூன்றும் கலந்து வந்த இடங்களைத் தேடினார். இரண்டு இடங்களில் இருந்தன: ஓரிடத்தில் 825, மற்றோரிடத்தில் 582. தம் நோட்டில் மெல்ல எழுதினார்: 258, 285, 528, 582, 825, 852. அதன் கீழே 225, 252, 522. அதன் கீழே 222. அருகில் 6, 3, 1 என்று இட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே பெருக்கினார். 120-ஐ ஆறால் பெருக்க 720. 90-ஐ மூன்றால் பெருக்க 270. 10-ஐ ஒன்றால் பெருக்க 10. கூட்டினால் 1000.

"அடுக்கி எழுதுகிறான். அடுக்கும்போது வரிசை மறைந்து போகிறது. மறைந்ததை நான் எண்ணவில்லை" என்றார்.

பிழை முழுவதையும் அந்த மூன்று வாக்கியங்களில் அவர் சொல்லிவிட்டார். பின்னாளில் பல ஆண்டுகள் கணக்குக் கற்பித்தவன் நான். அதைவிடத் தெளிவாக என் மாணவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அவரை அதிகம் வருத்தியது வேறொன்று என்று எனக்குத் தோன்றுகிறது. விகிதங்களை மறுபடி பார்த்தார். மூன்றும் வேறான எண்ணுக்கு 140. இரண்டு ஒன்றானதற்கு 280. சரியாக இரு மடங்கு. ஆறு வழி இருப்பதற்கு ஒரு விலை. மூன்று வழி இருப்பதற்கு அதைப்போல் இரு மடங்கு. விகிதத்தை வகுத்தவனுக்கு வரிசை தெரிந்திருக்கிறது! 1000-இல் 6 முறை வரும் எண்ணுக்கு 140 கொடுத்தால் ரூபாய்க்கு 84 காசு திரும்புகிறது. 1000-இல் 3 முறை வருவதற்கு 280 கொடுத்தாலும் அதே 84 காசு. 1000-இல் ஒரு முறை வருவதற்கு 600 கொடுத்தால் திரும்புவது 60 காசுதான். மூன்றில் மிகப் பெரிய நட்டம் உள்ள இடத்தையே தேர்ந்து, அதையே கணக்கறிந்தவன் ஆடும் இடம் என்று அப்பா கருதியிருந்தார். 100 முறைக்கு 250 ரூபாய் கட்டினால் சராசரியாக வருவது 150. மிச்சம் 95 என்று இரட்டைக் கோடு இழுத்த இடத்தில், நட்டம் 100 என்று எழுதியிருக்க வேண்டும்.

அதுவும் பானையில் திருப்பிப் போட்டு எடுத்தால்தான். சீட்டுக்கட்டில் படச்சீட்டுகளை நீக்கிய 40 சீட்டுகளிலிருந்து, திருப்பிப் போடாமல் மூன்றை எடுத்தால் நிலை இன்னும் மோசம். 40-இலிருந்து மூன்றைத் தேரும் வழிகள் 9880. அவற்றில் மூன்றும் ஒரே எண்ணாக இருப்பவை, எண்ணுக்கு நான்காக, 40 மட்டுமே. அதாவது 247 முறைக்கு ஒரு முறை. இதை நான் பின்னர்க் கண்டேன், அப்பாவிடம் சொல்லவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

அந்த வாரம் கல்லூரியில் ஆசிரியரிடம் தனியே சென்று, ஒரு நண்பரின் தந்தை செய்தது என்று கூறி, 220-இன் கதையைச் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. இத்தாலி நாட்டில் கலிலியோவிடம் இதே வகையான ஐயத்தைக் கொண்டு வந்தார்கள் என்றார். மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வர ஆறு சேர்வுகள். 10 வரவும் ஆறே சேர்வுகள். ஆயினும் நெடுங்காலம் ஆடியவர்கள் 10 சற்று அதிகமாக வருவதைக் கண்டிருந்தார்கள். கலிலியோ வரிசையையும் சேர்த்து எண்ணிக் காட்டினார்: 216 வழிகளில் 9 வருவது 25, 10 வருவது 27. காரணங்களில் ஒன்று, 9-க்கு உள்ள ஆறு சேர்வுகளில் 3, 3, 3 என்பதும் ஒன்று. அது ஒரே வழியில்தான் வரும்.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை வியக்க வைத்தது. "உன் நண்பரின் தந்தை எண்ணிய முறை இயற்கையில் இல்லாததன்று. 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை அப்படித்தான் எண்ணினார். இது முதலாவது, அது இரண்டாவது என்று ஒளித்துகள்களைப் பிரித்தறிய முடியாது. ஆகவே அவற்றுக்கு வரிசை என்பதே இல்லை. மூன்று துகள்களைப் பத்து அறைகளில் வைக்கும் வகைகள் 220, 220-உம் சமம். ஐன்ஸ்டீன் அக்கட்டுரையைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொருளே முடிவு செய்கிறது, நாம் எழுதி வைக்கும் வழக்கம் முடிவு செய்வதில்லை" என்றார்.

அன்றிரவு இதை அப்பாவிடம் சொன்னேன். போஸ் யார், ஒளித்துகள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "அப்படியானால் வெளிச்சத்துக்கு நான் எண்ணியது சரி, சீட்டுக்குத்தான் தப்பு" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். முதல் நாள் நான் செருக்கோடு பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று எண்ணியிருந்தேன். அந்தச் சிரிப்பில் அதற்கு இடமில்லாது போயிற்று. இன்றுவரை கேட்காததாகவே நின்றுவிட்டது.

கதையில் வருவதுபோல் அவர் மறுநாளே முற்றிலும் திருந்திவிட்டார் என்று சொன்னால் அது பொய்யாகும். அதன் பிறகும் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் வந்து அம்மாவிடம் சொன்னார். மூன்றாவது முறை போகவில்லை. அடுத்த சம்பள நாளிலிருந்து உறையைப் பிரிக்காமல் அம்மாவிடம் கொடுத்தார். அந்த நோட்டில் மிகுந்திருந்த தாள்களில் மளிகைக் கணக்கு எழுதினார். "பாக்கி" என்ற தலைப்பின் கீழ் கடைக்காரருக்குத் தர வேண்டிய தொகை வந்தது. வளையல்கள் மீள இரண்டு ஆண்டுகள் ஆயின. தங்கையின் சேமிப்பு மீண்டும் தொடங்கியது.

1982 சனவரியில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கியது. இரண்டரை இலட்சம் பேரளவில் வேலையை விட்டு வெளியே நின்றார்கள். பல ஆலைகள் மீண்டும் பழையபடி ஓடவேயில்லை. அப்பாவின் ஆலையும் அவற்றுள் ஒன்று. எங்கள் சாலில் எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. நாங்கள் திரும்பவில்லை. நான் வேலைக்குச் சென்றிருந்தேன் என்பது ஒரு காரணம். அந்த எட்டு ஆண்டுகளில் அம்மா சேர்த்து வைத்திருந்த தொகை மற்றொரு காரணம். தங்கையின் திருமணம் அந்தத் தொகையில்தான் நடந்தது. அந்தத் தொகையைக் காணும்போதெல்லாம் எனக்கு உப்புப் பானைதான் நினைவுக்கு வரும்.

அப்பா 1996-இல் காலமானார். கடைசிவரை சாலில் அவர் கணக்குப்பிள்ளைதான். வட்டிக் கணக்குக் கேட்டு வரும் இளைஞர்கள் எண் விளையாட்டைப் பற்றிப் பேசினால், "எழுதி வைத்திருப்பதை எண்ணாதே, வந்த விதத்தை எண்ணு" என்பார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பேரனிடம் திரும்பி வருகிறேன். அவனும் 220 என்று எண்ணியதில் பிழை செய்யவில்லை. அவற்றைச் சமமாகக் கொண்டதே பிழை. எனக்கு விடையைச் சொல்லிவிட ஆவலாகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் குழாயடியில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது: "புத்தகத்தை ஏன் சொன்னாய்?" சமையலறையிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துவரச் சொன்னேன். அட்டையில் பத்துத் துண்டுகள் வெட்டினோம். அவன் எடுக்க, நான் வந்த வரிசையில் எழுதினேன். ஐம்பது முறை எடுத்ததுமே அவன் பென்சிலைக் கேட்டு வாங்கினான். 258-ஐ ஆறு விதமாக எழுதினான். பிறகு தன் விடையை அடித்துவிட்டு, 1000-இல் 720, சுருக்கினால் 25-இல் 18 என்று எழுதினான். புத்தகத்தின் பின்னால் இருந்ததும் அதுவே.

"இந்தத் தப்பை வேறு யாராவது செய்திருக்கிறார்களா தாத்தா?" என்று கேட்டான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் கதையைத் தொடங்கினேன். வளையல்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் தடைப்பட்டது, அங்கே நிறுத்திவிட்டேன்.

அன்பர்களே, பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது. இப்போது அதுவும் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. வெல்லும் வழி இதுவென்று நம் பிள்ளைகளின் கண்ணெதிரே எண்கள் ஓடுகின்றன. அவற்றைக் கண்டு அஞ்சிக் கணக்கறியாதவன் தப்பிவிடலாம். சிறிது கணக்கறிந்தவன்தான் என் தந்தையாரைப் போல் அகப்படுகிறான். உங்கள் இல்லத்தில் அப்படிக் கணக்கறிந்த பிள்ளை ஒன்று இருந்தால் கடிந்து பேசாதீர்கள். ஒரு பானையும் பத்துச் சீட்டுகளும் கொடுத்து, அவனையே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வந்த வரிசையில் எழுதுங்கள்.